முப்பத்தொரு ஜிபியும் ஒரு நட்சத்திரமும்

எங்கள் பட்டறையில் முதலாளியை விட்டால் தனி அறை இருந்தது, கால் அளவெடுக்கிற அளவக்காவுக்கு மட்டும்தான். அறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு நாற்காலி, வருகிறவர்கள் காலை வைக்க ஒரு மரப்பலகை, சுவரோரம் ஒரு கம்ப்யூட்டர், அதிலிருந்து ஒயரில் தொங்கும் கால் ஸ்கேனர், கை கழுவ ஒரு தொட்டி. கதவை முழுதாகத் திறந்தால் நாற்காலியில் இடிக்கும். அவ்வளவுதான் இடம்.

நாங்கள் செய்வது சாதாரணச் செருப்பு இல்லை. ஒரு கால் குட்டையானவர்கள், பாதம் வளைந்தவர்கள், சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி மரத்துப்போனவர்கள் என்று ஆளுக்கொரு குறையோடு வருகிறவர்களுக்கு அளவெடுத்துச் செய்கிற செருப்பும் ஷூவும். கடையில் விற்கிற எட்டாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் அவர்களுக்கு உதவாது. அளவு கொஞ்சம் பிசகினாலும் உரசும், உரசினால் புண்ணாகும், புண்ணானால் அது ஆறுவதற்குள் ஆளைப் பாடாய்ப் படுத்திவிடும். அதனால் தோல் வெட்டுகிறவர், அடித்தட்டு ஒட்டுகிறவர், ஏன் முதலாளி பேச்சைவிடவும் அளவக்காவின் பேச்சுக்குத்தான் அங்கே மதிப்பு.

அவருக்குச் சொந்தப் பெயர் இல்லாமலில்லை. வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. கூப்பிடத்தான் ஆள் கிடையாது. போனில் யாராவது தன் பெயரைச் சொன்னால் அக்காவுக்குத் தெரியாது. "யாரு? இடது சுண்டுவிரல் மேல ஏறியிருக்குமே, அவரா?" என்று கேட்பார். ஆமாம் என்றதும் அந்த ஆளின் மகள் படிப்பு வரைக்கும் விசாரிப்பார். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அக்காவின் வீட்டுக்காரர் ஒருதரம் எங்களிடம் சொன்னார். "பொண்ணு பாக்கப் போனப்ப என் மூஞ்சிய நிமிர்ந்தே பாக்கல. அடக்கமான பொண்ணுன்னு எங்கம்மா பூரிச்சுப் போச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, வாசல்ல கழட்டி வெச்ச என் செருப்பு எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னு பாத்துக்கிட்டு இருந்தாளாம்."

யாருடைய காலையும் தொடுவதற்கு முன்னால் அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். கால் மரத்துப்போனவர்களுக்கும் அதே மரியாதைதான். "அவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே அக்கா, சூடா இருந்தா என்ன, சில்லுனு இருந்தா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். "அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல?" என்றார். அப்போது அதை ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அதில்தான் வந்தது வினை.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தயாரான ஷூக்களைப் பெட்டியில் போட்டு, சீட்டு ஒட்டி அனுப்பிவைப்பது என் வேலை. பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் மற்றவர்கள் கிட்டே போகப் பயந்தார்கள், நான் பயப்படவில்லை. அது ஒன்றுதான் என் தகுதி. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிற கணக்கில் நான் கம்ப்யூட்டர் நிபுணன் ஆகிவிட்டேன். ஐந்து மெஷின்களும் என் பொறுப்பு.

அதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை சுத்தம் செய்வது. டிஸ்க் நிரம்பிவிட்டால் திரையில் அதைக் காட்டும் பட்டை சிவப்பாகும். தேவையில்லாத ஃபைல்களை எடுத்துவிட்டால் சிவப்பு போய் நீலம் வரும். அந்த நீலத்தைப் பார்க்கும்போது வரும் திருப்தியைப் பற்றி வீட்டில் ஒருநாள் சொன்னேன். "துவைச்ச துணிய மடிச்சு வைக்கத் துப்பில்ல" என்று சொல்லிவிட்டு என் மனைவி எழுந்து போய்விட்டாள்.

சுத்தம் செய்கிறேன் என்று கண்டதையும் அழிக்கிற ஆள் இல்லை நான். அதற்கு முறை வைத்திருந்தேன். புது அப்டேட் போட்ட பிறகு மிஞ்சிக் கிடக்கும் பழைய சிஸ்டத்தின் நகல், இணையத்தில் பார்த்த படங்களின் மிச்சம், புரோகிராம்கள் தம் வேலைக்காகத் தற்காலிகமாக எழுதிவைக்கும் டெம்ப் ஃபைல்கள் என்று எடுக்கக்கூடியவை பல உண்டு. ஆனால் முதலில் அந்த மெஷினில் உட்காருகிறவரைக் கேட்க வேண்டும். திறந்திருக்கும் புரோகிராமை அவர் கையாலேயே மூடச் சொல்ல வேண்டும். டெம்ப் ஃபைலில் தேதி பார்க்க வேண்டும், புதிதாக எழுதியதைத் தொடக்கூடாது. எடுத்ததையும் உடனே ஒழித்துவிடாமல் குப்பைத் தொட்டியில் ஒரு வாரம் கிடக்கவிட வேண்டும். தப்பாக எடுத்திருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? இதையெல்லாம் பட்டறையில் எல்லோரையும் உட்காரவைத்துப் பாடமே நடத்தியிருக்கிறேன்.

போதாததற்குத் தண்ணீர் கேனுக்கு மேலே சுவரில் ஒரு அட்டை மாட்டியிருந்தேன். தேதி, நேரம், எந்த அறை, எத்தனை ஜிபி இடம் கிடைத்தது, என் கையெழுத்து. தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் என் பெருமையையும் சேர்த்துக் குடித்துவிட்டுப் போகட்டும் என்று.

வினை வந்தது ஒரு டீ நேரத்தில். எல்லோரும் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம். நான் கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தபோது அளவக்கா பின்னாலிருந்து சொன்னார்.

"தம்பி, உனக்கு இடது கால் கொஞ்சம் குட்டை தெரியுமா? அதான் நீ ஒரு பக்கமா கோணிக்கிட்டே நடக்கிற."

பட்டறை மேஸ்திரி விடுவாரா? "ஓஹோ, கால்தான் கோணலா? நான் ஆளே கோணல்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன்!"

சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அன்றிலிருந்து என் பெயர் கோணல். "கோணலைக் கூப்பிடு, பெட்டி ரெடியான்னு கேளு." முதலாளிகூட ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். பெயர் வைத்தது மேஸ்திரி என்றாலும் என் கோபம் முழுக்க அக்கா மேல்தான். பேச்சை நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம். நடுவில் ஒருநாள் எனக்கும் சேர்த்து டீ எடுத்து வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஆடை படிந்து ஆறிப்போகும்வரை அதைத் தொடவில்லை. நாற்பதை நெருங்குகிற ஆள் செய்கிற காரியமா அது?

அந்தச் சமயத்தில்தான் அளவு மெஷினின் டிஸ்க் சிவப்பானது. அக்கா அதை மேஸ்திரி மூலமாகச் சொல்லியனுப்பினார். நானும் மேஸ்திரி மூலமாகவே சரி என்றேன். அவர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து மதியம் ஒரு மணிக்கு அவர் அறைக்குள் போனேன். அவர் இருக்கும்போது போனால் பேச வேண்டியிருக்குமே.

திரையின் ஓரத்தில் அவர் கையால் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. "மூடாதீர்கள். அணைக்காதீர்கள்." அதற்குக் காரணம் எனக்கும் தெரியும். ஸ்கேன் எடுத்ததும் அந்த அளவை முடித்துச் சேமித்தால், அந்தப் புரோகிராம் பாதத்தின் மேடு பள்ளங்களைத் தானாகவே வழவழப்பாக்கிவிடும். அக்காவுக்கு அது ஆகாது. "மேடும் பள்ளமும்தான் கால். அதை இஸ்திரி போட்டு வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்பார். அதனால் ஷூவை ஒருமுறை போட்டுப் பார்த்துச் சரி என்று ஆகிறவரை எந்த அளவையும் முடிக்கமாட்டார். வாரக்கணக்கில் எல்லாம் திறந்தே கிடக்கும்.

புரோகிராமை மூடினேன். திரையில் ஒரு கேள்வி வந்தது. முடிக்காத அளவுகள் இருபத்துமூன்று இருக்கின்றன, மூடவா என்று.

அந்தக் கேள்வியைப் படிக்காமலே ஆம் என்று அழுத்திவிட்டேன். இப்படித்தான் பல மாதங்கள் எனக்கு நானே சொல்லிவந்தேன். இங்கேயும் அப்படியே எழுதிவிட்டுத் தாண்டிப் போகலாம். ஆனால் உண்மை அதுவல்ல. படித்தேன். இருபத்துமூன்று என்ற எண்ணைக்கூட நன்றாகப் பார்த்தேன். திறந்து பார்த்துக் காணோம் என்றால் அக்கா என்னிடம்தான் வந்தாக வேண்டும், "தம்பி" என்று அவரே முதலில் வாயைத் திறக்க வேண்டும், கொஞ்சம் கெஞ்சவிட்டு மீட்டுக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். புரோகிராமை மூடினாலும் முடிக்காத அளவுகளின் நகல் எங்காவது இருக்கும், தேடினால் எடுத்துவிடலாம் என்று எனக்குத் தெரியும்.

எங்கே இருக்கும் என்பது மட்டும் தெரியாது. அது டெம்ப் ஃபைல்களில் இருந்தது. ஆம் என்று அழுத்திய கை அதே வேகத்தில் பட்டியலில் இருந்த எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டது. தேதி பார்க்கவில்லை. அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். பட்டை நீலமானது. முப்பத்தொரு ஜிபி! விசிலடித்துக்கொண்டே போய் அட்டையில் எழுதினேன்.

சாப்பிட்டுவிட்டு வந்த அக்கா பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தார். கெஞ்சவில்லை. முகம் வெளுத்திருந்தது. என்னைத் தாண்டி நேராக முதலாளி அறைக்குப் போனார். முதலாளி என்னையும் மேஸ்திரியையும் கூப்பிட்டார். நான் அந்த மெஷினில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தேடினேன். எதுவும் மிஞ்சவில்லை.

"என்னப்பா ஆச்சு?" என்றார் முதலாளி.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு. "அக்கா சேமிக்காம விட்டிருப்பாங்க சார். எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன், முடிச்சு வைங்க, முடிச்சு வைங்கன்னு."

முதல் வாக்கியம் பயத்தில் வந்தது. அதை மன்னித்துக்கொள்ளலாம். இரண்டாவது வாக்கியத்துக்கு என்ன அவசியம்? இன்றைக்கும் பல் துலக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, திடீரென்று அது காதில் விழும். தலையைக் குனிந்துகொள்வேன். அக்கா என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு முதலாளியிடம், "இருபத்துமூணு பேருக்கும் மறுபடி அளவெடுத்திடறேன்" என்று மட்டும் சொன்னார்.

பன்னிரண்டு பேர் திரும்பி வந்தார்கள். பதினொரு பேரால் வர முடியவில்லை. அவர்கள் வீடுகளுக்குப் போய் எடுப்பது என்று முடிவானது. ஸ்கேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவோடு போகும் வேலையை முதலாளி எனக்குக் கொடுத்தார். மாடிப்படிகளில் அந்தப் பெட்டியைத் தோளில் சுமந்து ஏறினேன். ஒவ்வொரு வீட்டிலும் ஏன் மறுபடியும் என்று கேட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அக்கா, "மெஷின்ல போயிடுச்சுங்க, மன்னிச்சிடுங்க" என்றார். யாரால் என்று சொல்லவே இல்லை. முதல் வீட்டில் அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நாலாவது வீட்டுக்குள் அந்த நிம்மதி கசந்துவிட்டது. வியர்த்து வழிய நிற்கும் எனக்குத்தான் எல்லா வீட்டிலும் முதலில் தண்ணீர் கொடுத்தார்கள்.

பதினொன்றில் கடைசி வீடு ஒரு பஸ் கண்டக்டருடையது. நாள் முழுக்க நின்றபடி வேலை, இரண்டு பாதமும் மரத்துப்போனவர். அவருக்கு ஓய்வு நாள் அமைந்து நாங்கள் போய்ச் சேர ஐந்து வாரம் ஆகிவிட்டது. முதல் அளவு போகாமல் இருந்திருந்தால் பத்தாம் நாளே அவர் காலில் எங்கள் ஷூ ஏறியிருக்கும். அதுவரை அவர் பழைய ஷூவையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார். அக்கா உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு அவர் வலது காலைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். சுண்டுவிரலுக்கு அடியில் கறுத்த புண். கண்டக்டருக்கு அது இருப்பதே தெரியவில்லை.

"அளவு அப்புறம் பாத்துக்கலாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்றார் அக்கா. கைத்தாங்கலாகக் கீழே இறக்கி வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரி வரை கூடப் போனது நான்தான். அந்த வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பீங்க தம்பி" என்றார்.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அந்த அம்மா பட்டறைக்கு வந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து. அளவறைக்குள் நுழைந்து கத்தியது பட்டறை முழுக்கக் கேட்டது. "சேமிக்க மறந்துட்டேன்னா என்னம்மா அர்த்தம்? இதுவே உன் வீட்டு ஆளோட காலா இருந்தா மறந்திருப்பியா? வெக்கமா இல்ல உனக்கு?" சேமிக்க மறந்தது என்ற கதையை அவருக்குச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். அன்று ஆஸ்பத்திரி வாசலில், அவர் கேட்காமலேயே, நான்தான் சொன்னேன்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமா, ஆமா, சொல்லுங்க" என்று பேசினேன். கண்ணாடி வழியே அக்கா ஒரே ஒருமுறை என் பக்கம் திரும்பினார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, "தப்புதாங்க" என்றார். வெட்கமா இல்லையா என்ற கேள்வி எனக்கு உரியது என்று தெரிந்தும் அங்கேயே நின்றேன். அன்று மாலை அளவறை விளக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் அணைந்துவிட்டது.

அந்தப் புண் எப்படியும் வந்திருக்கும், ஷூ கிடைத்திருந்தாலும் அவர் போட்டிருக்கமாட்டார், சர்க்கரை முற்றியவருக்கு இதெல்லாம் சகஜம். இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான். ஆனால் குறுகுறுப்போடும் மனிதன் சாப்பிடுகிறான், தூங்குகிறான், சீட்டு ஒட்டுகிறான். பதினாலு மாதம் அப்படி ஓடிவிட்டது. அக்காவும் நானும் பேச ஆரம்பித்துவிட்டோம். அவர் என்னை ஒருபோதும் கோணல் என்று கூப்பிட்டதில்லை. மெஷின்களைச் சுத்தம் செய்வதை மட்டும் நான் விட்டுவிட்டேன். யாராவது கேட்டால் நேரமில்லை என்பேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை அக்கா என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, மெஷின் மறுபடியும் சிவப்பாயிடுச்சு. ஒரு ஸ்கேன் எடுக்க ரொம்ப நேரமாகுது. வந்து பாரு."

"நேரம்..." என்று இழுத்தேன்.

"அஞ்சு நிமிஷம்."

போனேன். அவர் நாற்காலியைத் தன் முந்தானையால் துடைத்து எனக்கு நகர்த்தி வைத்தார். "எல்லாத்தையும் முடிச்சு மூடிட்டேன். எது வேணுமோ எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். எல்லாவற்றையும் முடித்துவிட்டார் என்றால், அந்தப் புரோகிராம் எல்லாக் கால்களையும் வழவழப்பாக்க விட்டுவிட்டார். மேடும் பள்ளமும் போனாலும் போகட்டும், அழியாமல் இருந்தால் போதும் என்று நினைக்கும்படி அவரை ஆக்கிவிட்டேன்.

டிஸ்கில் எது இவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்தேன். பெரும்பகுதி பழைய சிஸ்டத்தின் நகல். நான் அப்டேட் போட்டுவிட்டு அள்ளாமல் விட்ட குப்பை. சட்டென்று உறைத்தது. அன்றைக்கும் இதேதான். முப்பத்தொரு ஜிபியில் இருபத்தேழு இதுவாகத்தான் இருந்தது. அக்காவின் இருபத்துமூன்று கால்களும் சேர்ந்து நாலு ஜிபிகூட வராது. அவற்றைத் தொடாமலேயே அன்று நீலம் வந்திருக்கும்.

கை மௌஸின் மேல் இருந்தது. அசையவில்லை. எழுந்தேன். "இதோ வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு முதலாளி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். படித்துவிட்டு அழுத்தியதையும் சொன்னேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை.

"தெரியும்ப்பா" என்றார்.

"சார்?"

"அளவம்மாவுக்கு அன்னிக்கே தெரியும். மேஸ்திரிக்கும் தெரியும். எனக்குத்தான் லேட்டு, அந்தக் கண்டக்டர் சம்சாரம் வந்து சத்தம் போட்டுட்டுப் போனப்புறம் சொன்னாங்க. உன்னை அப்பவே கூப்பிட்டுக் கேக்கலாம்னு எழுந்தேன். அளவம்மாதான் விடல. கூப்பிட்டு மிரட்டினா எந்த வாயும் ஒத்துக்கும், அவனா வரட்டும், எத்தனை நாள் தாங்குறான்னு பாக்கறேன்னாங்க."

"எப்படி சார் தெரியும்?"

"தண்ணி குடிச்சிட்டு வாயேன்" என்றார் முதலாளி.

போனேன். கேனுக்கு மேலே அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பதினாலு மாதமாக நான் நிமிர்ந்து பார்க்காத அட்டை. கடைசி வரி என் கையெழுத்தில் இருந்தது. அந்தத் தேதி. மதியம் 1.20. அளவறை. 31 ஜிபி. அதுவரை நான் எடுத்ததிலேயே பெரிய எண் அது என்பதால் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரமும் போட்டிருந்தேன். பட்டறையில் இருக்கும் பதினேழு பேரும் தினமும் நாலு தடவை அதன் முன்னால் நின்று தண்ணீர் குடித்திருக்கிறார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். நான்தான் அந்தப் பூனை. எனக்குப் பின்னால் மேஸ்திரி வந்து நின்றார். எப்போதும் ஏதாவது சொல்கிறவர், டம்ளரை நிரப்பிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் கேலி செய்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அளவறைக்குத் திரும்பினேன். அக்கா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சொன்னேன். பாதியில் அழுகை வந்துவிட்டது.

"முடிஞ்சுதா?" என்றார். "சரி, ஷூவைக் கழட்டு. பலகைல காலை வை."

"எதுக்குக்கா?"

"கழட்டுன்னா கழட்டு."

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு என் இடது காலைப் பிடித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வாழ்நாளில் யார் கையிலும் காலைக் கொடுத்ததில்லை. அவர் கையில் கொடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. இரண்டு காலையும் ஸ்கேன் செய்தார். திரையில் என் பாதங்கள் மெல்ல எழுந்து வந்தன. அவர் சொன்னது சரி. இடது கால் குட்டை.

"இதை எங்க வைக்கட்டும்?" என்றார் அக்கா, திரையைப் பார்த்தபடியே. "நீ அழிக்காத இடமா ஒரு இடம் சொல்லு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரே தொடர்ந்தார். இந்தத் தடவை குரலில் கேலி இல்லை.

"எங்கிட்ட சொல்லிட்ட. முதலாளிகிட்ட சொல்லிட்ட. நாங்க ரெண்டு பேரும் தெரிஞ்சவங்கதான். தெரியாத ஒருத்தி இருக்கா. ஒரு வருஷமா என்னைச் சபிச்சுக்கிட்டு இருக்கா. அவ கிட்ட யாரு சொல்றது?"

"நீங்களும் வரீங்களாக்கா?"

"நான் எதுக்கு?" என்றார்.

அன்று மாலை கண்டக்டர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். மூன்று மாடி. பெட்டி இல்லாமல் ஏறுவது அதைவிடக் கனமாக இருந்தது. கதவைத் திறந்த அந்த அம்மாவுக்கு என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"அடடே, பெட்டி தூக்கிட்டு வந்த தம்பிதானே நீங்க? வாங்க வாங்க. அன்னிக்கு நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேனோ. உக்காருங்க." உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த மறதிக்காரி இன்னும் அங்கதான் இருக்காளா?"

"உக்காரலம்மா" என்றேன். "நின்னுக்கிட்டே சொல்லிடறேன்."

சொன்னேன். அக்கா எதையும் மறக்கவில்லை, மறந்தார் என்று உங்களிடம் சொன்னதே நான்தான், அழித்ததும் நான்தான் என்று சொன்னேன். அவர் முகத்திலிருந்து அந்த மலர்ச்சி போவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அளவறையில் கத்தியதில் பாதியாவது எனக்குக் கிடைக்கும் என்று நம்பித்தான் போயிருந்தேன். அவர் கத்தவில்லை. கதவின் பிடியைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்பக்கம் திரும்பினார்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க. இவர் ஏதோ சொல்றாரு. நீங்களும் கேளுங்க."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ஒரு காலை ஊன்றி, மறு காலை மெதுவாக வைத்து நடந்து வரும் சத்தம் கூடத்தைத் தாண்டி வந்தது. வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் கதவருகில் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதும், நான் முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன்.